உட்காரச் சொன்னால் எழுந்து நிற்கும் பிள்ளை

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் செல்லும் வழியில் பாலுச்செட்டி சத்திரம். அதையொட்டித் திரும்பினால் திருப்புட்குழி. நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் ஒன்று. ராமர் ஜடாயுவுக்கு இறுதிக் கடன் செய்த இடம் என்பது தலபுராணம். கோயில் குளத்துக்கும் ஜடாயு புஷ்கரணி என்றுதான் பெயர். பிள்ளை வரம் வேண்டி வரும் பெண்கள் வறுத்த பயறை நனைத்து மடியில் கட்டிக்கொள்வார்கள். அது முளைவிட்டால் மரகதவல்லித் தாயார் வரம் தந்துவிட்டாள் என்பது நம்பிக்கை. பிள்ளைக்காக ஏங்கி வருகிறவர்களின் ஊர் இது. அந்தப் பிள்ளை வளர்ந்து பள்ளிக்குப் போய், வகுப்பில் அடங்க மாட்டேன் என்று நின்றால் ஆசிரியர் என்ன செய்வது? அதற்கும் இதே ஊரில் ஒரு பழைய கதை இருக்கிறது.

பதினோராம் நூற்றாண்டில் யாதவப் பிரகாசர் என்ற பெரும் வேதாந்த ஆசிரியர் இங்கே பாடம் நடத்தினார் என்கிறது வைணவ மரபு. அவரிடம் படிக்க வந்தவர்களில் ஒருவர் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர். ஒருநாள் குருவுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுக் கொண்டிருக்கிறார். சாந்தோக்ய உபநிடதத்தில் இறைவனின் கண்ணை வர்ணிக்கும் ஒரு தொடருக்குக் குரு பொருள் சொல்கிறார்: குரங்கின் பின்புறம் போலச் சிவந்த தாமரை. சீடனின் கண்ணிலிருந்து சூடாக ஒரு துளி குருவின் தொடையில் விழுகிறது. ஏன் அழுகிறாய் என்றால், அந்தத் தொடருக்குச் சூரியனால் மலர்ந்த தாமரை என்றும் பொருள் கொள்ளலாமே என்கிறார் சீடர். இன்னொரு நாள் இன்னொரு வாக்கியத்தில் மோதல். குருவின் மனத்தில் இவன் வகுப்பைக் கெடுக்க வந்தவன் என்ற எண்ணம் விழுந்துவிடுகிறது. காசி யாத்திரை என்று அழைத்துப் போய்த் தீர்த்துக்கட்டிவிடலாம் என்று திட்டமிடும் அளவுக்கு அது முற்றியது என்கின்றன குருபரம்பரை நூல்கள். கூடப் போன சித்தி மகன் கோவிந்தன் விந்திய மலைக் காட்டில் ரகசியமாகச் சொல்லி ராமானுஜரைத் தப்பவைக்கிறார். அவர் காஞ்சிக்குத் திரும்பி மறுபடியும் அதே குருவிடம் படிக்கிறார். மறுபடியும் மோதல் வர, இம்முறை வகுப்பைவிட்டே விலக்கப்படுகிறார்.

இதில் எது வரலாறு, எது பக்தியில் வளர்ந்தது என்ற விவாதம் தனி. ஆசிரியர் வேலை பார்க்கிற யாரும் இந்தக் கதையை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும் என்பேன். யாதவப் பிரகாசர் மோசமான ஆசிரியர் இல்லை, தம் காலத்தின் பெரிய அறிஞர். அவருக்கு எதிரே வந்தது அடங்காத பிள்ளையும் இல்லை, எல்லாரையும்விட உன்னிப்பாகப் பாடம் கேட்ட பிள்ளை. வகுப்பின் ஓட்டத்தை ஒரு மாணவன் நிறுத்தும்போது ஆசிரியருக்கு முதலில் வலிப்பது தன்மானம். அந்த வலியோடு பார்த்தால் கேள்வி கேட்பவனும் கலாட்டா செய்பவனும் ஒன்றாகத்தான் தெரிவார்கள். எதிரில் இருப்பவன் யார், எதற்காக இப்படி நடந்துகொள்கிறான் என்று பார்த்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே தண்டனை முடிவாகிவிடுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் நம் வகுப்பறைகளில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

இன்றைய வகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஐந்தாம் வகுப்பு, நாற்பது பிள்ளைகள். மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன். டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் அவன் எழுந்து நிற்கிறான். முன்னால் இருக்கிறவனின் சட்டையை இழுக்கிறான், பென்சிலைப் பிடுங்குகிறான், விசில் அடிக்கிறான். "உட்காருடா" என்கிறார் டீச்சர். உட்காருகிறான். இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும் எழுந்திருக்கிறான். இந்த இரண்டு நிமிட அமைதிதான் ஆபத்தானது. திட்டியதும் அடங்கினான் அல்லவா, எனவே திட்டு வேலை செய்கிறது என்று ஆசிரியரின் மனம் கணக்குப் போட்டுவிடுகிறது.

1968இல் அமெரிக்காவில் சார்லஸ் மேட்சனும் வெஸ்லி பெக்கரும் அவர்களுடைய சகாக்களும் முதல் வகுப்புப் பிள்ளைகளை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். "உட்கார்" என்று ஆசிரியர்கள் சொல்லும் தடவைகளை வேண்டுமென்றே கூட்டினார்கள். எழுந்து நிற்கும் பிள்ளைகளும் கூடினார்கள். உட்கார்ந்து வேலை செய்யும் பிள்ளைகளைப் பெயர் சொல்லிப் பாராட்டத் தொடங்கியபோது நிற்பது குறைந்தது. எழுந்து நின்றால் டீச்சர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், வகுப்பே திரும்பிப் பார்க்கிறது. ஒழுங்காக உட்கார்ந்து எழுதினால் யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பிள்ளை எதைத் தேர்ந்தெடுப்பான்? இதையடுத்து 1975இல் மேரி ஆலிஸ் ஒயிட் வெளியிட்ட ஆய்வு இன்னும் உறைக்கும். ஆசிரியர்கள் பாடம் சரியாகச் சொன்னால் பாராட்டுகிறார்கள், ஆனால் நல்ல நடத்தையைப் பாராட்டுவது வகுப்பறையில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை, நடத்தை பற்றி வாயைத் திறந்தாலே அது கண்டிப்புத்தான் என்று அவர் கண்டார்.

ஆனால் பாராட்டினால் எல்லாப் பிள்ளையும் அடங்கிவிடும் என்று சொல்வது பொய். எல்லாக் குறும்பும் கவனம் தேடும் குறும்பில்லை. வாசிக்கச் சொல்லும் நேரம் பார்த்துச் சண்டை பிடிக்கிற பிள்ளை இருக்கிறான். கணக்கு வகுப்பு வந்தால் மட்டும் பக்கத்தில் இருப்பவனை அடிக்கிற பெண் இருக்கிறாள். இவர்களுக்குத் தேவை கவனம் அல்ல, தப்பித்தல். தெரியாத பாடத்தின் முன்னால் நாற்பது பேர் பார்க்கத் திணறி நிற்பதைவிட, "ரவுடி" என்று பெயர் வாங்கி வெளியே போவது எவ்வளவோ கௌரவம் என்று அந்தக் குழந்தை உள்ளுக்குள் முடிவு செய்திருக்கிறது. "வெளியே போய் நில்லு" என்று நாம் சொல்லும்போது, அது கேட்டதையே கொடுக்கிறோம். அடுத்த வாசிப்பு நேரத்தில் அதே சண்டை சீக்கிரமாகவே தொடங்கும்.

இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க உளவியல் பட்டம் வேண்டாம். ஒரு நோட்டு போதும். குறும்பு நடந்ததற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, அதன் பிறகு அதற்கு என்ன கிடைத்தது என்று ஒரு வாரம் குறித்து வைத்தாலே ஒழுங்கு தெரியத் தொடங்கும். தினமும் மூன்றாவது பீரியடா? வாசிக்கச் சொன்ன பிறகா? மதியச் சாப்பாட்டுக்கு முன்பா? பக்கத்தில் குறிப்பிட்ட ஒருவன் உட்கார்ந்திருக்கும்போது மட்டுமா? நடத்தைச் சிகிச்சையின் பெரும்பகுதி முன்னால் என்ன, செயல் என்ன, பின்னால் என்ன என்ற இந்த மூன்று கேள்விகளில்தான் நிற்கிறது. கவனம் தேடும் பிள்ளைக்கு, கலாட்டா செய்வதற்கு முன்பே கவனம் கொடுக்க வேண்டும். காலையில் வந்ததும் இரண்டு நிமிடம் பேசுவது, கரும்பலகை துடைக்கும் பொறுப்பைக் கொடுப்பது என்று அது எளிமையாகவே இருக்கலாம். தப்பிக்கப் பார்க்கும் பிள்ளைக்கு அவனுக்கு எட்டும் அளவில் பாடத்தைப் பிரித்துத் தர வேண்டும், உதவி கேட்கும் வழியைக் கற்றுத்தர வேண்டும். ஒருவனுக்கு மருந்தாகிறது இன்னொருவனுக்கு விஷமாகும். அதனால்தான் எல்லாருக்கும் ஒரே பிரம்பு என்ற ஏற்பாடு தோற்றுப்போகிறது.

காஞ்சிபுரம் வட்டாரத்துக்கு இது வெறும் கோட்பாடு அல்ல. இங்கே பட்டுத்தறியில் கோர்வைப் புடவை நெய்ய இரண்டு பேர் வேண்டும். நெசவாளி ஒருபுறம், கரைக்கான நாடாவைப் போட்டுக் கொடுக்கும் உதவியாள் மறுபுறம். அந்த இரண்டாவது இடத்தில் பல காலம் உட்கார்ந்திருந்தது குழந்தைகள். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகத் தறிக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளின் நிலையை, கர்நாடகம், உத்தரப்பிரதேசத்தோடு காஞ்சிபுரத்தையும் சேர்த்து, 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கையாக வெளியிட்டது. 1988இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகளும், ரைடு போன்ற உள்ளூர்த் தொண்டு நிறுவனங்களும் அந்தப் பிள்ளைகளைப் பள்ளிப் பக்கம் திருப்பப் பாடுபட்டன. தறியிலிருந்து பத்து வயதில் பள்ளிக்கு வரும் குழந்தையை யோசித்துப் பாருங்கள். கை வேலை தெரியும், கூலிக் கணக்குத் தெரியும், பெரியவர்களோடு பேசத் தெரியும். ஆனால் எழுத்துக் கூட்டத் தெரியாது. தன்னைவிடச் சின்னப் பிள்ளைகள் சரளமாக வாசிப்பதைக் கேட்டபடி ஆறு மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும். அவன் கலாட்டா செய்யாவிட்டால்தான் ஆச்சரியம். நேரே வகுப்பில் தள்ளாமல், இடையில் தனிப் பள்ளி வைத்து அவனைத் தயார்ப்படுத்திய யோசனையில் பெரிய நடத்தைச் சிகிச்சையே அடங்கியிருந்தது என்பது என் எண்ணம்.

அதே காரணத்துக்காகத்தான் 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தையும் ஒழுக்கத்தோடு சேர்த்துப் பார்க்கிறேன். வகுப்பை வைத்துப் பிரிக்காமல், பிள்ளையின் திறனை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகளாகப் பிரித்துப் பாடம் சொல்கிறார்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு வகுப்பைக் கலைக்க ஒரு காரணம் குறைகிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் அப்படியே. பசித்த வயிறு பத்து மணிக்கு மேல் எப்படி அமைதியாக இருக்கும்? 2009 முதல் தமிழ்நாட்டில் நடக்கும் கண்ணொளி காப்போம் திட்டத்தில் ஒரு மூக்குக்கண்ணாடி கிடைத்தால் பலகையில் என்ன இருக்கிறது என்று பக்கத்து நோட்டை எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. அடங்காத பிள்ளை என்று முத்திரை குத்தும் முன், கண்ணும் காதும் சோதிக்கப்பட்டனவா என்று கேட்பது முதல் கடமை. ஏ.டி.எச்.டி. என்ற சொல்லும் இப்போது எளிதாகப் புழங்குகிறது. பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கி, குறைந்தது ஆறு மாதம் நீடித்து, வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தெரிந்தால்தான் மருத்துவர் அதைப் பற்றி யோசிப்பார். ஒரே ஒரு ஆசிரியரின் வகுப்பில் மட்டும் துள்ளுகிற பிள்ளைக்கு வேண்டியது மாத்திரை அல்ல.

தண்டனையின் வரலாறு நம்மிடம் நீளமானது. திண்ணைப் பள்ளிகளில் கோதண்டம், குட்டு, தோப்புக்கரணம் எல்லாம் இருந்தன. அண்ணாவியார் என்ற ஆசிரியருக்குப் பதிலாகப் பிள்ளைகளை மேய்க்கச் சட்டாம்பிள்ளை இருந்தான். இந்த நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துத்தான் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், எழும்பூர் ஆண்கள் அனாதை இல்லத்தில் 1790களில் தம் முறையை வளர்த்தார். மாணவனே மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் அந்த மெட்ராஸ் முறை பின்னால் இங்கிலாந்து வரை பரவியது. பெல் பிரம்பை அதிகம் நம்பவில்லை. தவறுகளை ஒரு கருப்புப் புத்தகத்தில் எழுதிவைத்து, வாரம் ஒருமுறை மாணவர்களே நடுவர்களாக உட்கார்ந்து விசாரிக்கும்படி செய்தார். சட்டாம்பிள்ளையும் கருப்புப் புத்தகமும் சேர்ந்து இன்றும் நம் பள்ளிகளில் வாழ்கின்றன: "பேசியவர்கள்" என்று தலைப்பிட்டு லீடர் கரும்பலகையில் எழுதும் பெயர்ப் பட்டியலாக. அந்தப் பட்டியலை நிறுத்த வேண்டும் என்று வலியுறுத்துவேன். லீடருக்குப் பிடிக்காதவன் பெயர் முதலில் ஏறும், ஒருமுறை ஏறியவன் அதையே பட்டமாகச் சுமப்பான்.

சட்டம் தெளிவாக இருக்கிறது. தமிழ்நாடு கல்வி விதிகளின் 51ஆவது விதி 2003இல் திருத்தப்பட்டு, திருத்துகிறோம் என்ற பெயரில் உடலையோ மனத்தையோ வருத்துவது தடைசெய்யப்பட்டது. 2009இன் கல்வி உரிமைச் சட்டம் 17ஆவது பிரிவில் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடுக்கிறது. தொடக்கக் கல்வி முடியும்வரை பிள்ளையைப் பள்ளியைவிட்டு நீக்கக் கூடாது என்று 16ஆவது பிரிவு சொல்கிறது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் வலியுறுத்திய பிறகு, உடல் தண்டனையை ஒழிக்கும் வழிகாட்டு நெறிகளைப் பள்ளிக் கல்வித் துறை மறுபடியும் பள்ளிகளுக்கு அனுப்பியது. பிரம்பைக் கீழே வை என்று ஆசிரியரிடம் சொன்னோம், சரி. கையில் வேறு எதைக் கொடுத்தோம் என்பதுதான் ஆசிரியர்களின் நியாயமான கேள்வி.

கொடுக்கக்கூடியவை இருக்கின்றன. ஜேக்கப் கவுனின் என்ற உளவியலாளர் கல்லூரி வகுப்பில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த மாணவனைக் கண்டித்தபோது, சம்பந்தமே இல்லாத மற்றவர்களும் நிமிர்ந்து உட்கார்ந்ததைக் கவனித்தார். கண்டிப்பதில் ஏதோ சூட்சுமம் இருக்கிறது என்று நினைத்து வகுப்பறைகளைப் படம்பிடித்து ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். 1970இல் நூலாக வந்த முடிவு அவர் எதிர்பார்த்ததற்கு நேர்மாறு. குழப்பம் வந்த பிறகு எப்படிக் கண்டித்தார்கள் என்பதில் நல்ல வகுப்புக்கும் மோசமான வகுப்புக்கும் வேறுபாடே தெரியவில்லை. வித்தியாசம் குழப்பம் வருவதற்கு முன்னால் இருந்தது. கரும்பலகையில் எழுதும்போதும் முதுகுக்குப் பின்னால் நடப்பதை அறிந்திருப்பது, ஒரு பாடத்திலிருந்து அடுத்ததற்கு இடைவெளி விழாமல் நகர்வது, ஒருவனிடம் கேள்வி கேட்கும்போதே மற்ற முப்பத்தொன்பது பேரையும் விழிப்போடு வைத்திருப்பது. நம்மூர் நல்ல ஆசிரியர்கள் இதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்கிறார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவருக்கு இதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்க வாய்ப்பு வேண்டும்.

இன்னொன்று, நன்னடத்தை விளையாட்டு. 1969இல் கான்சாஸில் நான்காம் வகுப்பு ஒன்றில் முதன்முதலாகச் செய்து பார்த்தார்கள். வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்து, விதி மீறினால் அணிக்கு ஒரு புள்ளி. குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் கீழே இருந்தால் வெற்றி. ஜெயித்த அணி சாப்பாட்டுக்கு முதலில் போகலாம், விருப்பமான வேலைக்கு நேரம் கிடைக்கும். இரண்டு அணியும் ஜெயிக்கலாம் என்பது முக்கியம். பால்டிமோரில் 1980களின் நடுவில் முதல் வகுப்பிலேயே இதை விளையாடிய பிள்ளைகளை இருபது வயதுவரை பின்தொடர்ந்தபோது, ஆரம்பத்தில் மிக முரட்டுத்தனமாக இருந்த பையன்களிடம் போதைப் பழக்கம் குறைவாக இருந்தது. செலவே இல்லாத இந்த விளையாட்டை நம் பள்ளிகளில் தாராளமாக ஆடலாம். ஆனால் தெருவை வைத்து அணி பிரிக்கவே கூடாது. நம் கிராமங்களில் தெரு என்றால் சாதி. தோற்ற அணி என்று ஒரு தெருவைச் சுட்டினால், வகுப்பறைக்கு வெளியே அதன் விலை வேறாக இருக்கும்.

எங்கே உட்காரவைப்பது என்பதும் அப்படித்தான். 2025 ஜூலையில் ப வடிவ இருக்கை முறையைக் கொண்டுவரப் பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்பியதும், எதிர்ப்புக் கிளம்பி அது நிறுத்திவைக்கப்பட்டதும் நினைவிருக்கும். அரைவட்டமாக உட்காரும்போது பிள்ளைகள் அதிகம் கேள்வி கேட்கிறார்கள் என்பதும், தனித்தனியாக எழுதும் வேலைக்கு வரிசைதான் கவனத்தைச் சிதறாமல் காக்கிறது என்பதும் இரண்டுமே ஆய்வில் தெரிந்தவை. கலந்துரையாடலுக்கு ப, எழுத்து வேலைக்கு வரிசை என்று மாற்றிக்கொள்ளும் உரிமை ஆசிரியரிடம் இருக்க வேண்டும். சென்னையிலிருந்து ஒரே வடிவத்தை அனுப்புவது தேவையில்லாதது.

2022இல் மாணவர்கள் ஆசிரியரை மிரட்டும், மேசை நாற்காலிகளை உடைக்கும் வீடியோக்கள் அடுத்தடுத்துப் பரவின. ஒழுங்கீனமாக நடப்பவர்களுக்குக் காரணத்தைக் குறிப்பிட்டு டி.சி. கொடுத்து நீக்குவோம் என்று பள்ளிக் கல்வி அமைச்சர் சொல்லும் நிலை வந்தது. ஆசிரியர்களின் பயம் உண்மையானது. அதை யாரும் சிறுமைப்படுத்தக் கூடாது. ஆனால் டி.சி. வாங்கிய பிள்ளை வேறெங்கும் போகப் போவதில்லை, ஊரிலேதான் இருப்பான், பள்ளி மட்டும் அவன் கையைவிட்டுப் போயிருக்கும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமை, வகுப்பறையில் தொடங்கிய சீண்டலைக் கவனிக்காமல் விட்டால் எங்கே போய் நிற்கும் என்று காட்டியது. அதன் பிறகு அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. 500 மாணவர்களுக்கு மேல் படிக்கும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் ஒருவர் வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. எல்லாப் பரிந்துரைகளிலும் முதலில் நிறைவேற வேண்டியது இது என்று நினைக்கிறேன். பாடம் நடத்தி, எமிஸ் இணையதளத்தில் விவரம் ஏற்றி, தேர்வுத்தாள் திருத்தும் ஆசிரியரே அடிபட்ட மனத்தோடு வரும் பிள்ளையையும் தனியாளாகத் தாங்க முடியாது. பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண் நல்லது. ஆனால் பிள்ளைக்குத் தெரிந்த ஒரு முகம் பள்ளிக்குள்ளேயே இருக்க வேண்டும்.

திருப்புட்குழிக் கதை யாதவப் பிரகாசரின் தோல்வியோடு முடியவில்லை. அவருடைய தாயார் மகனிடம் பேசினார், நீ துரத்திய அந்தப் பிள்ளையிடமே போ என்று. முதிய வயதில் ராமானுஜரிடம் சீடராகி, கோவிந்த ஜீயர் என்ற பெயரில் துறவிகளுக்கான ஒழுக்க நூலாக யதிதர்ம சமுச்சயத்தை எழுதினார் என்கிறது மரபு. அங்கே வீட்டார் ஒருவர் பேசிய பிறகுதான் குருவுக்கும் சீடருக்கும் வழி திறந்தது.

நம் பள்ளிகளில் வீட்டாரை எப்போது கூப்பிடுகிறோம்? "நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா" என்று பிள்ளையிடம் சொல்லி அனுப்பும்போது மட்டும். தறியை நிறுத்தி, ஒருநாள் கூலியை இழந்து வரும் அப்பா, ஹெச்.எம். அறையில் எல்லார் முன்னாலும் தலைகுனிந்து நிற்கிறார். வீட்டுக்குப் போனதும் பிள்ளைக்கு அடி விழுகிறது. சட்டம் ஆசிரியரின் கையிலிருந்து எடுத்த பிரம்பை அப்பாவின் கையில் கொடுத்தது போல ஆகிறது. இதற்குப் பதிலாக வெளிநாட்டுப் பள்ளிகளில் நன்றாகப் பலித்த ஒரு வழி இருக்கிறது. தினமும் ஒரு சிறு அட்டை. காலையில் பிள்ளை ஒரு ஆசிரியரிடம் அதை வாங்குகிறது. ஒவ்வொரு பீரியடிலும் அன்று பழக வேண்டிய இரண்டே விஷயங்களில் எப்படி நடந்துகொண்டது என்று குறிக்கப்படுகிறது. மாலையில் அதே ஆசிரியரிடம் காட்டிவிட்டு வீட்டுக்கு எடுத்துப்போகிறது. அட்டையைப் பார்த்து அடிக்க மாட்டோம், கேள்வி மட்டும் கேட்போம் என்று பெற்றோரிடம் முதல் நாளே பேசி ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். அந்தப் பேச்சுக்குப் பெற்றோரை வரவழைக்கும்போது, அவர்களுக்கு வேலை இல்லாத நேரமாகப் பார்த்து அழைக்கலாம். உட்கார நாற்காலி கொடுத்து, பிள்ளை அந்த வாரம் நன்றாகச் செய்த ஒன்றை முதலில் சொல்லிவிட்டு, பிறகு மற்றதற்குப் போகலாம்.